மெய் போனால் பாதிதான்!

‘மெய் போய்விட்டால் பாதிதான்; உப்பு விளையும் (3)’

மரக்காணத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய டீக்கடை ஒன்றில் இந்த வரியை உரக்கப் படித்தேன். கடைக்காரர் பாய்லரைத் துடைத்தபடியே, “மெய்யின்னா உடம்புதானே சார்? உடம்பு போனா பாதி ஏது, முழுசும் போச்சு” என்றார். பெஞ்சில் இருந்த இளைஞர், “உண்மைன்னும் சொல்லலாம்ணா. உண்மை போனா மிச்சம் பாதி பொய்” என்று தத்துவத்துக்குத் தாவினார். அளத்து வேலை முடிந்து வந்து, முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர் எங்கள் யாரையும் பார்க்காமலே சொன்னார்: “உப்பு எங்க வெளையும்? பாத்தியில.”

விடை அதுதான். பாத்தி. எப்படி வந்தது என்று கேட்டால் அவருக்குச் சொல்ல ஒன்றுமில்லை. உப்பு விளையும் இடம் அவருக்குத் தெரியும், அவ்வளவுதான். மறைகுறிப்புக் குறுக்கெழுத்தில் பாதி விடைகள் இப்படித்தான் விழுகின்றன. பொருளைப் பிடித்து விடைக்கு வந்துவிடுவோம். வந்த விடை சரிதான் என்று அடித்துச் சொல்லத்தான் குறிப்பின் மறுபாதி இருக்கிறது. இங்கே மெய் என்பது உடம்பும் இல்லை, உண்மையும் இல்லை. மெய்யெழுத்து. பா, த், தி என்ற மூன்று கட்டங்களில் நடுவில் இருக்கும் ‘த்’ போய்விட்டால் மிஞ்சுவது ‘பாதி’. கடைக்காரரும் இளைஞரும் போய் விழுந்த குழி, புதிர் போடுகிறவர் அவர்களுக்காகவே வெட்டி வைத்தது.

அந்த அம்மா எழுந்து போகும்போது ஒரு திருத்தமும் சொன்னார். “எல்லாப் பாத்தியிலயும் வெளையாதுங்க. மொத பாத்தியில தண்ணி காயும், அவ்ளோதான்.” சரியான திருத்தம். கழிமுகத்திலிருந்து வரும் நீரைப் பெரிய பாத்திகளில் தேக்கி, ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாற்றி, வெயிலில் கனக்க வைக்கிறார்கள். நீரின் அடர்த்தியை அளக்கும் போமே மானியில் ஏறக்குறைய 25 டிகிரி காட்டும்போதுதான் கடைசிப் பாத்தியில் உப்பு பூக்கத் தொடங்குகிறது. அதற்கு மேலும் ரொம்பக் காயவிட்டால் மக்னீசியம் உப்புகள் சேர்ந்து கசந்துவிடும். எஞ்சிய நீரை அதற்குள் வடித்துவிட வேண்டும். ஆக, ‘உப்பு விளையும்’ என்பது சில பாத்திகளுக்கு மட்டும் பொருந்தும் விளக்கம். கறாரான புதிர்க்காரர் ‘உப்பும் விளையலாம்’ என்று மாற்றியிருப்பார். அந்த ‘லாம்’ இருப்பதற்கும் இல்லாததற்கும் தொழிலில் பெரிய வேறுபாடு உண்டு.

இந்த விளையாட்டின் இலக்கணம் சுருக்கமானது. வழக்கமாக ஒரு குறிப்பு இரண்டு துண்டு. ஒரு துண்டு விடையின் நேர்ப்பொருள். அது பெரும்பாலும் வாக்கியத்தின் தலையிலோ வாலிலோ இருக்கும். மற்றத் துண்டு, விடையை எழுத்து எழுத்தாகக் கட்டிக் காட்டும் செய்முறை. இரண்டும் சேருமிடத்தில் தையல் தெரியக்கூடாது. படிக்கும்போது ஏதோ ஒரு சாதாரண வாக்கியம்போல ஒலிக்க வேண்டும். ஒலிக்கிற பொருளுக்கும் விடைக்கும் சம்பந்தமே இருக்கக் கூடாது. அடைப்புக்குறியில் எத்தனை கட்டம் என்று இருக்கும். அதில் மட்டும் பொய் கிடையாது.

மரக்காணத்துக்காகவே கட்டிய இன்னொரு குறிப்பை நிதானமாக அவிழ்த்துப் பார்ப்போம்.

‘ஓரம் பிய்த்த அப்பத்தை மனத்துக்குள் வைத்தால் கரிக்கும் வயல் (5)’

தலையிலோ வாலிலோ நேர்ப்பொருள் இருக்கும் என்றோம். தலையில் இருப்பது ‘ஓரம் பிய்த்த’. அது யாருக்கும் பெயராகாது. வாலில் ‘கரிக்கும் வயல்’. இது ஒரு பொருளாக நிற்கிறது. மற்றதெல்லாம் செய்முறை என்று வைத்துக்கொள்ளலாம். அப்பம் என்பது அ, ப், ப, ம். ஓரம் பிய்த்தால் இருபுறமும் போய் ‘ப்ப’ மிஞ்சும். இதை மனத்துக்குள் வைக்க வேண்டும். மனம் என்றால் நெஞ்சு, உள்ளம், சித்தம், அகம், உளம்... இங்கேதான் அடைப்புக்குறி கை கொடுக்கிறது. விடைக்கு ஐந்து கட்டம். ‘ப்ப’ இரண்டு எடுத்துக்கொண்டது. ஆகவே மனத்துக்கு மூன்றே கட்டம். உள்ளம் நான்கு, கழித்துவிடலாம். அகம் மூன்று, அப்பகம், அகப்பம் என்று எதுவும் சொல்லாகவில்லை. உளம் மூன்று. உ, அடுத்து ப்ப, பிறகு ளம். உப்பளம்.

அப்பத்தை நினைத்து நாக்கில் எச்சில் ஊறியவர்களுக்கு விடை தாமதமாகத்தான் வரும். எழுத்தை மட்டும் பார்த்தவர்களுக்குச் சீக்கிரம் வரும். பழகப் பழக, ‘உள்ளே’, ‘நடுவே’, ‘முகப்பில்’, ‘இன்றி’, ‘தடுமாறி’, ‘திரும்பி’ போன்ற சாதுவான சொற்களைக் கண்டாலே சந்தேகப்படத் தோன்றும். அவை ஒவ்வொன்றும் ஒரு கட்டளை.

கட்டளையே இல்லாத குறிப்புகளும் உண்டு. ‘உப்பங்கரையில் நீர், கையில் கோல், கணக்கில் குறைத்துவிடு (2)’. மூன்று பொருளுக்கும் ஒரே விடை, கழி. ‘நடப்பதும் பேசுவதும் மரக்காணத்தில் வந்து முடியும் (4)’ என்று கேட்டால், நடப்பது கால், பேசுவது வாய். ஆந்திரக் கரையிலிருந்து கடலோரமாகவே சென்னை வழியாக வரும் பக்கிங்காம் கால்வாய்க்கு இந்த ஊர்தான் தெற்கு எல்லை. வெறும் சொற்சேர்க்கைதான், ஆனாலும் ஊர்க்காரர் சிரிப்பார். கட்டளை இருந்தும் எளியது ஒன்று: ‘கவலைக்குள்ளும் மீன் பிடிக்க உதவுவது (2)’ என்றால் வலை. கவலை என்ற சொல்லுக்குள்ளேயே பளிச்சென்று உட்கார்ந்திருக்கிறது. ஒளித்து வைத்ததைக் கண்முன்னே வைப்பதுபோல ஏமாற்று வேறில்லை.

*

குறுக்கெழுத்தின் பிறந்தநாள் எல்லாருக்கும் தெரிந்தது. 1913 டிசம்பர் 21 அன்று ‘நியூயார்க் வேர்ல்ட்’ ஞாயிறு பதிப்பில் ஆர்தர் வின் வைர வடிவத்தில் ஒன்றை அச்சிட்டார். அது நேர்ப்பொருள் கேட்கும் புதிர். அமெரிக்கா அதிலேயே நின்றுவிட, பிரிட்டன்தான் அதைத் திருகி மறைகுறிப்பு ஆக்கியது. 1920களில் ‘அப்சர்வர்’ இதழில் ‘டார்க்வெமாடா’ என்ற புனைபெயரில் எட்வர்ட் பவிஸ் மேதர்ஸ் தொடங்கிவைத்தார். லண்டன் ‘டைம்ஸ்’ 1930 பிப்ரவரியில் குறுக்கெழுத்து வெளியிடத் தொடங்கியது. ‘சிமினீஸ்’ என்ற பெயரில் புதிர் போட்ட பள்ளி ஆசிரியர் டி. எஸ். மக்நட், 1966இல் ஒரு புத்தகமே எழுதி விதிகளை வரையறுத்தார். அவருக்கு முன்பே ‘அஃப்ரிட்’ என்ற புதிர்க்காரர் சாரத்தைச் சொல்லிவிட்டிருந்தார்: புதிர் போடுகிறவர் வேறொன்றை நினைக்கும்படி செய்யலாம், ஆனால் எழுதியதை எழுத்துப்படி எடுத்தால் கணக்கு உதைக்கக்கூடாது. இரண்டாம் உலகப்போரில் குறுக்கெழுத்துக்காரர்களை ரகசியக் குறியீடு உடைக்க அழைத்த கதை எல்லாக் கட்டுரையிலும் வருவதால் இங்கே வேண்டாம்.

நம் பக்கத்துக் கதை அவ்வளவாகப் பேசப்படாதது. 1911இல் செங்கல்பட்டில் பிறந்த ராம்தாஸ் கட்டாரி, 1958இல் இந்தியக் கடற்படைக்குத் தலைமையேற்ற முதல் இந்தியர். பணி ஓய்வுக்குப் பிறகு, ‘தி இந்து’ நாளிதழுக்கு ஆங்கிலக் குறுக்கெழுத்து அமைத்தார். போர்க்கப்பல்களை நடத்தியவர் கறுப்பு வெள்ளைக் கட்டங்களோடு மல்லுக்கட்டினார் என்பது கேட்க விநோதமாக இருக்கலாம். எனக்கு இயல்பாகத்தான் படுகிறது. கடற்படையில் ஒரு சொல்லை ஒரே பொருளில் எழுதிப் பழகியவரால்தான், வேண்டுமென்றே அதை இரண்டு பொருளில் எழுத முடியும்.

தமிழில்? வார இதழ்களிலும் நாளிதழ் இணைப்புகளிலும் குறுக்கெழுத்து பல்லாண்டுகளாக வருகிறது. அவற்றில் பெரும்பாலானவை நேர்ப்பொருள் கேட்பவை. ‘தாமரையின் வேறு பெயர்’, ‘ஒரு பழைய நடிகை’ வகை. அதில் குற்றமில்லை; ரயிலில் பொழுது போகும். என் புகார் வேறு. கட்டத்தில் சொல் பொருந்தாதபோது, புதிர் போட்டவர் அதைக் கலைத்தோ தலைகீழாகவோ போட்டுவிட்டு, குறிப்பில் ‘குழம்பியிருக்கிறது’, ‘வலமிருந்து இடம்’, ‘கீழிருந்து மேல்’, ‘கடைசி எழுத்து இல்லை’ என்று ஒரு வால் ஒட்டிவிடுகிறார். நிரப்பி முடித்தபின் பார்த்தால் கட்டத்தில் இருப்பது தமிழே இல்லை. அமைத்தவருடைய சங்கடத்தை நம் தலையில் கட்டிவிட்டு அதற்குப் புதிர் என்று பெயர். கலைப்பது குறிப்பில் நடக்கட்டும். கட்டத்துக்குள் சொல் நேராக உட்கார வேண்டும். இது ஒன்றை மட்டும் நம் ஆசிரியர்கள் கடைப்பிடித்தாலே பாதிக் கிணறு தாண்டிவிடலாம்.

அதைக் கடைப்பிடித்துக் காட்டியவர்கள் இருக்கிறார்கள். கலிஃபோர்னியாவிலிருந்து வெளிவரும் ‘தென்றல்’ மாத இதழில் வாஞ்சிநாதன் அமைத்த புதிர்கள், தமிழில் மறைகுறிப்பு நிற்கும் என்பதற்குச் சான்று. தமிழ்நாட்டு அச்சு இதழ்கள் இன்னும் அந்தப் பக்கம் பெரிதாகத் திரும்பவில்லை.

*

ஆங்கிலப் புதிரைத் தமிழில் போட உட்கார்ந்தால் முதல் நாளே தெரியும்: கட்டமே வேறு. அங்கே 26 எழுத்து. இங்கே உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247. ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து. ‘மரக்காணம்’ ஆறே கட்டத்தில் அடங்கிவிடுகிறது. ஆங்கிலத்தில் அதே ஊருக்குப் பத்துக் கட்டம் வேண்டும். கட்டம் குறைந்தால் வேலை எளிது என்று தோன்றும். நேர்மாறு. ஒரு கட்டத்தில் ‘கா’ இருந்தால், குறுக்கே வரும் சொல்லிலும் அதே ‘கா’ வேண்டும். ‘க’வோ ‘கை’யோ உதவாது. ஒற்று விழுந்த கட்டம் இன்னும் மோசம். மரக்காணத்தின் மூன்றாம் கட்டம் ‘க்’. அதில் மேலிருந்து கீழாக எந்தச் சொல்லும் தொடங்க முடியாது, மெய்யில் தொடங்கும் தமிழ்ச் சொல் கிடையாது. ‘க்’கில் முடியும் தமிழ்ச் சொல்லும் கிடையாது. ஆக, அந்தக் கட்டத்தில் ஏதாவது ஒரு சொல் நடுவயிற்றோடு குறுக்கிட வேண்டும். ஐந்தாம் கட்டத்து ‘ண’வும் சொல்லுக்கு முதலில் வராது. மொழி முதல் எழுத்துகளையும் இறுதி எழுத்துகளையும் நன்னூல் வரிசைப்படுத்திய சூத்திரங்களைப் பள்ளியில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்தோம். அவை இவ்வளவு நடைமுறைக்கு உதவும் என்று எந்த ஐயாவும் சொல்லித்தரவில்லை.

எழுத்தைக் கலைத்துப் போடும் ஆங்கில வித்தை இங்கே அவ்வளவாக எடுபடாது. அங்கே பத்து எழுத்தைக் குலுக்கினால் இன்னொரு சொல்லே கிடைக்கும். இங்கே கதவு–தகவு மாதிரி சிறு ஜோடிகள்தான். ஆனாலும் முடியும்.

‘படகின் முகப்பில் வரதர் தடுமாறினால் மீன் பிடிப்பவர் (5)’

படகின் முகப்பு ‘ப’. வரதர் தடுமாறினால் ‘ரதவர்’. சேர்த்தால் பரதவர். வரதருக்கு ஒன்றும் ஆகவில்லை. அவருடைய ‘வ’ மட்டும் இரண்டு கட்டம் தள்ளி உட்கார்ந்தது. இந்தக் குறிப்பில் இன்னொன்றும் கவனிக்கலாம். ‘பிடிப்பவர்’ என்று நேர்ப்பொருள் முடிந்ததுமே விடையின் கடைசிக் கட்டம் ‘ர்’ஆக இருக்கலாம் என்று தெரிந்துவிடுகிறது. தமிழில் திணையும் பாலும் எண்ணும் சொல்லின் வாலிலேயே தொங்குவதால் ரகசியம் கசிந்துவிடும். ஆங்கிலப் புதிர்க்காரருக்கு இந்தத் தொல்லை இல்லை. தீர்ப்பவருக்கோ இது கொண்டாட்டம். பென்சிலால் லேசாக ஒரு ‘ர்’ போட்டுவிட்டு மேலே போகலாம்.

திருப்பிப் போடுவதிலும் இதே நிலை. மெய்யில் முடியும் சொல்லைத் திருப்பினால் மெய்யில் தொடங்கும் பிண்டம்தான் வரும். உயிரில் முடியும் சிறு சொற்களே தேறும். ‘திரும்பிய சிறைவாசி, பிரமித்து நில் (2)’. கைதி திரும்பினால் திகை.

காதில் விழுவதை வைத்துப் போடும் குறிப்புகளைத் தமிழில் நான் ஏற்பதில்லை. கழியும் களியும் ஒன்றுபோல ஒலிக்கிறது என்பது பேசுகிறவரின் நாக்குக் குறை. அதை விதியாக்கினால் மதுரைக்காரருக்கு ஒரு விடை, நாகர்கோவில்காரருக்கு ஒரு விடை என்றாகிவிடும். ந–ன, ர–ற குழப்பத்துக்கும் இதுவே பதில். சிலருக்கு இது பழமைவாதமாகப் படலாம். படட்டும்.

கலைப்பதிலும் திருப்புவதிலும் இழந்ததைத் தமிழ் வேறிடத்தில் வட்டியோடு திருப்பித் தருகிறது. நம் எழுத்துகளுக்கு உடம்பு உண்டு. கால் உண்டு, கொம்பு உண்டு, புள்ளி உண்டு, சுழி உண்டு. ‘கி’யின் தலையில் இருப்பதற்குப் பெயரே மேல்விலங்கு. இவற்றைக் குறிப்புக்குள் இறக்கினால் என்ன ஆகும் பாருங்கள்.

‘காலொடிந்த மாடு, தண்ணீர் தேங்கிய பள்ளம் (2)’

மாடு என்பதில் துணைக்கால் போனால் மடு. படிக்கும்போது ஒரு துயரக் காட்சி. எழுத்தில் ஒரு சிறு கோடு அழிந்தது, அவ்வளவே. ‘கொம்பு முளைத்த ராகம் ஒரு மங்கை (2)’ என்றால் பண்ணுக்கு ஒற்றைக்கொம்பு போட்டுப் பெண். ‘முதல் விலங்கு அவிழ்ந்ததும் கிளிக்குப் பிறந்த மகிழ்ச்சி (2)’ என்றால் களி. உயிர், மெய், இனம் என்று இலக்கணத்தின் கலைச்சொற்கள் பலவும் அன்றாடத் தமிழில் வேறொரு பொருளோடு உலவுகின்றன. ‘உயிர் பிரிந்தது’ என்று ஒரு குறிப்பில் பார்த்தால் துக்கம் விசாரிக்கப் போகாதீர்கள். அ முதல் ஔ வரை எது போயிற்று என்று தேடுங்கள்.

*

காலை ஒடிப்பது புது யுக்தி இல்லை. நெடில் குறுகி இன்னொரு சொல்லாவதை மாத்திரைச் சுருக்கம் என்று, எழுத்தை வைத்து வித்தை காட்டும் சித்திரகவி மரபு எப்போதோ பெயரிட்டுவிட்டது. 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் தண்டியலங்காரத்தின் சொல்லணியியல், மறைகுறிப்புக் குறுக்கெழுத்துக்காரரின் கருவிப்பெட்டி போலவே இருக்கிறது. ஒரு சொல் எழுத்து எழுத்தாக வளர்ந்து வெவ்வேறு பொருள் தந்தால் எழுத்து வருத்தனம். எழுத்து ஒவ்வொன்றாக உதிர்ந்து வெவ்வேறு பொருள் தந்தால் அக்கரச்சுதகம். நம் பாத்தி பாதியானது அந்த வகையில் சேரும். பல வினாக்களுக்குச் சிறு சிறு விடை தந்து, அவற்றைக் கோத்தால் பெரிய விடையாவது வினாவுத்தரம். காலும் வாயும் சேர்ந்து கால்வாய் ஆனதற்கு இது தாய்மாமன் உறவு. ஒரு பாட்டின் எழுத்துகளுக்குள் இன்னொரு பாட்டையே ஒளித்தால் கரந்துறைச் செய்யுள்.

இதை வைத்து ‘எல்லாம் நம்மிடம் அப்போதே இருந்தது’ என்று மார்தட்ட நான் தயாரில்லை. சித்திரகவிப் புலவர் தம் வித்தையைப் பிறர் வியக்கச் செய்தார். அவிழ்ப்பது வாசகரின் உரிமை என்று அவர் எண்ணவில்லை, உரைகாரர் வந்துதான் விளக்க வேண்டியிருந்தது. குறுக்கெழுத்தில் கடைசியில் ஜெயிக்க வேண்டியவர் வாசகர். தோற்பதற்காகவே நன்றாக ஆடுவது புதிர் போடுகிறவரின் வேலை. காளமேகப் புலவரின் சிலேடையும் வேறு ரகம். பாம்புக்கும் வாழைப்பழத்துக்கும் ஒரே பாட்டு என்றால், இரண்டு பொருளும் கடைசி அடிவரை உண்மையாக நிற்க வேண்டும். குறிப்பில் மேலே தெரிகிற பொருள் உண்மையாக இருக்கத் தேவையில்லை. அப்பமும் கிடையாது, மனமும் கிடையாது. உப்பளம் மட்டும் உண்டு.

தமிழுக்கே உரிய இன்னொரு வம்பு புணர்ச்சி. மரக்காணத்தையே எடுத்துக்கொள்வோம். ம, ர, ம் என்ற மரத்துக்குள் ‘காண’ இருக்கிறது என்பது யாருக்கும் தெரியும். ‘மரத்துக்குள் பார்க்க உப்பு விளையும் ஊர் (6)’ என்று எழுதிவிடலாம். ஆனால் கட்டங்களை எண்ணினால் ஒன்று இடிக்கும். மரம் மூன்று, காண இரண்டு. ஆறாவதாக ஒரு ‘க்’ யாரும் அழைக்காமல் வந்து உட்கார்ந்திருக்கிறது. வலி மிகும் என்று இலக்கணம் பேசிச் சமாளிக்கலாம்தான். நான் சமாளிக்க மாட்டேன். கட்டத்தில் இடம்பிடிக்கிற ஒவ்வோர் எழுத்துக்கும் குறிப்பில் ரசீது இருக்க வேண்டும்.

‘மரத்துக்குள்ளே பாக்கின் நடுவைப் பார்க்க, உப்பு விளையும் ஊர் (6)’

பாக்கின் நடு ‘க்’. பார்க்க என்றால் காண. மர, க், காண, ம். இப்போது கணக்கு நேர். பாக்கு மரமும் கண்முன் நிற்கும், தேடுகிறவர் தோப்புக்குள் அலைவார்.

புணர்ச்சியைக் குறிப்பிலேயே ஒப்புக்கொண்டால் அது வேறு விஷயம். ‘மதில், கடற்கரை நகரத்தோடு புணர்ந்தால் நல்லியக்கோடன் ஊர் (8)’. மதில் என்றால் எயில். நகரம் பட்டினம். எயிலின் ‘ல்’ பகரத்தின் முன் ‘ற்’ ஆகும். எயிற்பட்டினம். ‘புணர்ந்தால்’ என்ற ஒரு சொல் அந்த மாற்றத்துக்குப் பொறுப்பேற்றுக்கொள்கிறது. சிறுபாணாற்றுப்படையில் ஓய்மாநாட்டு மன்னன் நல்லியக்கோடனின் கடற்கரை நகராக வரும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணமே என்று கருதும் அறிஞர்கள் உண்டு. அதைப் பாடிய நத்தத்தனாரின் ஊர் இடைக்கழிநாட்டு நல்லூர். இடைக்கழிநாடு இங்கிருந்து வடக்கே கூப்பிடு தூரம்.

இந்தக் கரைக்காகக் கட்டியவற்றில் எனக்குப் பிடித்தது கடைசியாக வந்தது. மரக்காணத்துக்குத் தென்மேற்கே கழுவேலி ஏரி. 2021இல் அரசு அதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. உவரும் நன்னீரும் கலக்கும் அந்தச் சேற்றில் குளிர்காலத்தில் வலசைப் பறவைகள் இறங்கும். அவற்றில் நீண்ட காலும் வளைந்த அலகுமாக இளஞ்சிவப்பில் நிற்கும் ஒன்றுக்காக:

‘பூவோடு சேர்ந்து மணப்பதைச் சேற்றில் ஒற்றைக்காலில் நிற்கக் காணலாம் (3)’

பூவோடு சேர்ந்து மணப்பது எது என்று தமிழ் பேசும் எவருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. நார். குறிப்பில் இருப்பது ‘மணப்பது’ இல்லை, ‘மணப்பதை’. இரண்டாம் வேற்றுமை ஏறியிருக்கிறது. நாருக்கும் அதே ஐயை ஏற்றினால் நாரை. அதைப் பூவோடு சேர்த்தால் பூநாரை. பழமொழி, வேற்றுமை உருபு, பறவை மூன்றும் ஒரே வரியில், ஒட்டுப் போடாமல். இதை ஆங்கிலத்தில் செய்யவே முடியாது; அங்கே பெயரோடு இரண்டாம் வேற்றுமை உருபு ஒட்டுகிற வழக்கமே இல்லை. நம் புதிர்க்காரர்கள் ஆங்கில உத்திகளின் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தமிழில் தேடுவதைவிட, ஐ, ஆல், கு, இன், அது, கண் என்று ஆரம்பித்தால் புதுப் பட்டியலே போட்டுவிடலாம்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குச் சொல்ல இரண்டு மூன்றுதான். பேனா வேண்டாம், பென்சில். காற்புள்ளியை நம்பாதீர்கள், அது திசைதிருப்பவே போடப்பட்டிருக்கலாம். நேர்ப்பொருளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் விடையை வைத்தால் வாக்கியம் இலக்கணப்படி நிற்க வேண்டும். பெயருக்குப் பெயர், வினைக்கு வினை. விடை வந்தும் செய்முறை புரியாவிட்டால் விட்டுவிடாதீர்கள், சுவை முழுக்க அங்கேதான் இருக்கிறது. வீட்டில் இன்னொருவரைச் சேர்த்துக்கொள்வது நல்லது. ஒருவர் பொருளைத் துரத்தும்போது மற்றவர் எழுத்தை எண்ணலாம். டீக்கடையில் தத்துவம் பேசிக்கொண்டிருந்தவர்களை அளத்து அம்மா தோற்கடித்தது இப்படித்தான்: அவர்கள் மெய்யில் மாட்டிக்கொண்டார்கள், அவர் உப்பைப் பிடித்துக்கொண்டார்.

இரண்டு குறிப்புகளை அவிழ்க்காமல் விடுகிறேன். விடை அடுத்த இதழில்.

‘கொலைத்தண்டனைக்குப் பின் வயலுக்குக் காவல், பறவைகளுக்குப் புகலிடம் (4)’

‘மரக்காணத்து முதலை உள்ளே போட்டுப் புரிந்துகொள், வண்டியில் உப்பு விற்றவர்கள் (4)’

முதலாவதன் விடை இந்தக் கட்டுரையிலேயே கிடக்கிறது. இரண்டாவதற்குச் சங்கப் பாடல் படித்தவர்களுக்குக் கொஞ்சம் சலுகை உண்டு. மற்றவர்கள் முதலையைக் கண்டு பயந்து பின்வாங்க வேண்டாம், அது கடிக்காது.